கேம்பர் வேனுக்கு பேட்டரி: ஒரு ரிட்டயர்டு கேஷியரோட கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன வாரம் ஞாயிறு இணைப்புல கேம்பர் வேன்ல (உள்ளயே படுத்து, சமைக்கற மாதிரி மாத்தின வேன்) ஊர் சுத்துறதப் பத்தி ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க. போட்டோ எல்லாம் அருமை, எங்க வீட்டுக்காரர் அதை வெட்டி பீரோ கதவுல ஒட்டியே வெச்சுட்டார். ஆனா அதுல கரண்டு விஷயத்துக்கு ஒரே ஒரு வரிதாங்க இருந்துச்சு, நல்ல பெரிய பேட்டரியா ஒண்ணு போட்டுட்டா லைட்டு ஃபேன் ஃப்ரிட்ஜ் எல்லாம் ஓடும்னு. இதே மாதிரி ஒரு வரியத்தான் மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கடைக்காரரும் எங்ககிட்ட சொன்னார், நாங்களும் நம்பினோம், நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டோம். அதனாலதான் உக்காந்து இவ்ளோ நீளமா எழுதறேன். போடறதுக்கு இடம் இல்லைன்னா வெட்டிக்கங்க, ஆனா நடுவுல வர்ற கணக்கை மட்டும் வெட்டிராதீங்க.

நான் பேங்க்ல கேஷியரா இருந்து ரிட்டயர் ஆனவ. கரண்டு பத்தி அப்ப எனக்கு ஒண்ணுமே தெரியாது. ரெண்டு பேருக்கும் பென்ஷன் வருது, பசங்க வெளியூர்ல செட்டில், சரி சும்மா உக்காந்து சீரியல் பாக்கறதுக்கு நாலு ஊரைப் பாத்துட்டு வரலாம்னு செகண்ட் ஹேண்ட்ல ஒரு டிராவலர் வேன் வாங்கி, கரூர்ல பஸ் பாடி கட்டற ஒரு ஷெட்டுல விட்டு கட்டில், சின்ன சிங்க், தண்ணி டேங்க், 50 லிட்டர் 12 வோல்ட் ஃப்ரிட்ஜ், ரெண்டு ஃபேன்னு எல்லாம் போட்டோம் (ஆர்டிஓ ஆபீஸ்ல ஆர்சி புக்கை மாத்தின கதை தனி, அதுக்கு இன்னொரு லெட்டர் வேணும்). பேட்டரி மட்டும் நம்ம ஊர் கடையிலயே வாங்கிக்கலாம்னு வந்தோம். கடைக்காரர் லாரிக்குப் போடற 150 ஏஎச் (ஆம்பியர் ஹவர், பேட்டரி எவ்ளோ கரண்டு பிடிக்கும்ங்கற அளவு) பேட்டரிய எடுத்து வெச்சார். அம்மா, இது பத்து டன் வண்டியவே கிளப்பும், உங்க ஃபேன் எம்மாத்திரம்னார். கேக்க நியாயமாத்தான இருந்துச்சு!

முதல் ரெண்டு ட்ரிப் ஒண்ணும் தெரியல. மூணாவது ட்ரிப் ராமேஸ்வரம், மே மாசம். ராத்திரி ரெண்டரை மணிக்கு ஃபேன் நின்னு போச்சு, உப்புக் காத்து, கொசு, வேர்வை, அவர் ஒரு பக்கம் விசிறி வீசறார் நான் ஒரு பக்கம் திட்டறேன். காலையில ஃப்ரிட்ஜைத் திறந்தா ரெண்டு நாளைக்குன்னு அரைச்சு எடுத்துட்டு வந்த இட்லி மாவு பொங்கி வழிஞ்சு காய்கறி மேல எல்லாம் ஊத்திக் கிடக்குது. ஊருக்கு வந்து சார்ஜ் போட்டா ஏறுது, ஆனா நிக்கல. அஞ்சு மாசத்துல பேட்டரி அவுட். வாரண்டி கேட்டா, நீங்க ஃபுல்லா இறக்கி ஓட்டிருக்கீங்க, பிளேட்டு போயிருச்சு, இதுக்கெல்லாம் வாரண்டி வராதுன்னுட்டாங்க. ஃபுல்லா இறக்கக் கூடாதுன்னு விக்கும்போது யாருங்க சொன்னா?

அப்புறம்தான் நானே உக்காந்து படிச்சேன். கடைக்காரர் சொன்னது பொய்யும் இல்ல, ஆனா பாதி உண்மை. செல்ஃப் அடிக்கிற பேட்டரிக்கு வேலை என்னன்னா ரெண்டு மூணு செகண்ட் முரட்டுத்தனமா கரண்டைத் தள்ளணும், அவ்ளோதான். டீசல் வண்டிக்கு 300 ஆம்ப்ஸ் மூணு செகண்ட் போச்சுன்னு வெச்சுக்குங்க, கணக்குப் போட்டா கால் ஏஎச் தான் வருது. 150ல கால்! உடனே ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது கரண்டு தயாரிக்கற சாமான்) அதைத் திருப்பிக் கொடுத்துரும். அதாவது அந்த பேட்டரி வாழ்நாள் பூரா முழு வயித்தோடவே இருக்கறது. அதுக்குத் தோதா உள்ள மெல்லிசு மெல்லிசா நிறைய பிளேட்டு வெச்சிருப்பாங்க. அதைக் கொண்டு வந்து ராத்திரி பூரா கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சினா அந்த மெல்லிசு பிளேட்டுல இருக்கற பசை உதிர்ந்து அடியில போய் உக்காந்துரும். டீப் சைக்கிள்னு, ஆழமா இறக்கி இறக்கி ஏத்தறதுக்குன்னே செஞ்ச பேட்டரியில பிளேட்டு தடிமனா இருக்கும், நம்ம வீட்டு இன்வெர்ட்டருக்கு வாங்கற ட்யூபுலர் பேட்டரி அந்த ஜாதிதான், அதுல பாசிட்டிவ் பக்கம் பிளேட்டுக்குப் பதிலா ஈயக் கம்பியச் சுத்தி துணிக் குழாய் மாட்டி அதுக்குள்ள பசைய அடைச்சிருப்பாங்க, அவ்ளோ சுலபமா உதிராது. 2012ல பவர் கட் போட்டு வதைச்சாங்களே, அப்ப தமிழ்நாட்டுல பாதி வீட்டுல இந்த ட்யூபுலரை வாங்கி மூலையில வெச்சோம், ஆனா அது என்னன்னு யாரும் கேட்டதில்ல, டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தறதோட சரி.

ட்யூபுலரா இருந்தாலும் ஈய பேட்டரிய பாதிக்குக் கீழ இறக்கக் கூடாது. எனக்கு இது உடனே பிடிபட்டுச்சு, ஏன்னா இது பேங்க்ல மினிமம் பேலன்ஸ் மாதிரி. அக்கவுண்டுல 150 இருக்கும், நீங்க எடுக்கக் கூடியது 75 தான். எடுக்கலாம், ஆனா எடுத்தா ஃபைன் உண்டு, அந்த ஃபைனை பேட்டரி தன்னோட ஆயுசுல கழிச்சுக்கும். அதுலயும் காலி பண்ணிட்டு ஒரு வாரம் அப்படியே போட்டுட்டா உள்ள இருக்கற ஈய சல்பேட்டு கல்லு மாதிரி இறுகிரும், அப்புறம் எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் கரையாது. நாங்க ராமேஸ்வரத்துல இருந்து வந்து பத்து நாள் கழிச்சுதான் சார்ஜ் போட்டோம். மீட்டர் வெச்சுப் பாக்கறவங்க பேட்டரிய எதுலயும் மாட்டாம கொஞ்ச நேரம் சும்மா விட்டுட்டுப் பாருங்க, 12.7 வோல்ட் இருந்தா ஃபுல்லு, 12.2க்கு வந்தா பாதி, 12க்குக் கீழ போனா எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு படுத்துருங்க.

சரி, எவ்ளோ பெரிசு வாங்கறது? எல்லாரும் கடையில போய் இதைத்தான் கேக்கறாங்க, ஆனா இது கடைக்காரருக்குத் தெரியாதுங்க, உங்களுக்குத்தான் தெரியும். ஒரு நோட்டுல ஒரு நாள் செலவை எழுதுங்க, வரவு அப்புறம் எழுதிக்கலாம். எங்க நோட்டுல இருக்கறதைச் சொல்றேன். ஃப்ரிட்ஜ் 50 வாட், ஆனா கம்ப்ரஸர் விட்டு விட்டு ஓடும், நம்ம வெயிலுக்கு நாள்ல பாதி நேரம்னு வெச்சா 12 மணி நேரம், 600 வாட்ஹவர். ஃபேன் ரெண்டு, ஒவ்வொண்ணும் 30 வாட், 8 மணி நேரம், 480. எல்இடி லைட்டு 100. போனு, லேப்டாப்பு, எங்க வீட்டுக்காரரோட ரேடியோ எல்லாம் சேத்து 150. தண்ணி மோட்டார் 20. ஆக மொத்தம் 1350. ஒரு யூனிட்டுன்னா 1000 வாட்ஹவர், அப்ப ஒண்ணே கால் யூனிட்டுக்கு கொஞ்சம் மேல. இதை 12 வோல்ட்டால வகுத்தா 112 ஏஎச் சொச்சம். ஈய பேட்டரின்னா மினிமம் பேலன்ஸ் சேத்து இதுக்கு டபுள், 225. அதாவது 150 ஏஎச் ட்யூபுலர் ரெண்டு. நாங்க ஒண்ணு போட்டிருந்தோம், அதுவும் லாரி பேட்டரி!

மிக்ஸி அஞ்சு நிமிஷம் ஓட்டறதெல்லாம் பெரிய செலவு இல்ல, 600 வாட்டா இருந்தாலும் 50 வாட்ஹவர்தான், ஆனா அந்த அஞ்சு நிமிஷத்துக்கு பேட்டரியில இருந்து 50 ஆம்ப்ஸுக்கு மேல இழுக்கும். இண்டக்‌ஷன் அடுப்பு வேணும்னு ஆசைப்படறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், 1800 வாட் அடுப்பு 12 வோல்ட்ல 150 ஆம்ப்ஸ் இழுக்கும், இன்வெர்ட்டர் நஷ்டமும் சேந்தா அதுக்கும் மேல. பேசாம சின்ன கேஸ் அடுப்பு வெச்சுக்குங்க. ஏசிய மறந்துருங்க.

இங்கதான் இன்னொரு ஏமாத்து வேலை இருக்கு, ஏமாத்துன்னு சொல்லக் கூடாது, சின்ன எழுத்து. பேட்டரி மேல 150 ஏஎச்னு பெருசா போட்டிருக்கும், ஓரத்துல பொடியா சி20ன்னோ சி10ன்னோ இருக்கும். சி20ன்னா அந்த 150ஐ 20 மணி நேரத்துல மெதுவா எடுத்தா, அதாவது ஏழரை ஆம்ப்ஸ் வீதம் எடுத்தா 150 வரும்னு அர்த்தம். அதே பேட்டரிய 10 மணி நேரத்துல காலி பண்ணினா 150 வராது, குறைஞ்சுதான் வரும். ஈய பேட்டரி அவசரப்பட்டு எடுக்கறவங்களுக்கு கம்மியாத்தான் கொடுக்கும். இன்வெர்ட்டர் பேட்டரியில பெரும்பாலும் சி20 கணக்கு, சோலார்னு விக்கறதுல சி10 கணக்கு. ரெண்டுலயும் 150ன்னு போட்டிருந்தா சி10 போட்டதுதான் நிஜமா பெரிய பேட்டரி, அதான் வெலையும் கூட. இதை எனக்கு ஒரு கடையில கூட சொல்லலைங்க, அஞ்சு கடை ஏறி இறங்கினேன், மூணு கடையில சி20ன்னா என்னங்கன்னு என்னையே திருப்பிக் கேட்டாங்க.

அப்ப வீட்டு ட்யூபுலரையே ரெண்டு தூக்கி வேன்ல வெச்சுரலாமான்னு கேட்டா, நான் வேணாம்னுதான் சொல்லுவேன். எங்க கொழுந்தனார் அப்படித்தான் செஞ்சார். ஒண்ணு 50 கிலோவுக்கு மேல கனம், ரெண்டு சேந்தா ஒரு ஆளைவிட வெயிட்டு. அந்த உயரமான ட்யூபுலர் ஆடாம அசையாம மூலையில நிக்கறதுக்குன்னு செஞ்சது, அதை ஏற்காடு கொண்டை ஊசி வளைவுல ஆட்டிக் குலுக்கினா ஆசிட் மூடி வழியா கசிஞ்சு அடித் தகட்டை அரிக்குது. அதைவிட முக்கியம், தண்ணி ஊத்தற பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், காத்துல 4 சதவீதம் சேந்தாலே தீப்பொறி பட்டா வெடிக்கும். நாம படுக்கற கட்டிலுக்குக் கீழ வெக்கற சாமானா இது? வைக்கணும்னா மூடின பெட்டியில வெச்சு வெளிய காத்துப் போறதுக்குக் குழாய் விட்டே ஆகணும். சார்ஜ் போடும்போது அழுகின முட்டை நாத்தம் அடிச்சா உடனே சார்ஜரை ஆஃப் பண்ணி கதவு ஜன்னலைத் திறந்துட்டு இறங்கிருங்க, பேட்டரி ஓவர் சூடாயிருச்சுன்னு அர்த்தம்.

நடுவாந்திரமா ஒண்ணு இருக்கு, ஏஜிஎம், ஜெல்லுன்னு, ஆசிட்டை கண்ணாடி நார்லயோ ஜெல்லாவோ பிடிச்சு வெச்சு சீல் பண்ணின ஈய பேட்டரி. தண்ணி ஊத்த வேணாம், சாதாரணமா வாயு வெளிய வராது. ஆனா பாதி மினிமம் பேலன்ஸ் இதுக்கும் உண்டு, கனமும் கிட்டத்தட்ட அதேதான், வெயில்ல வெந்து போகும். ஈய பேட்டரி எதுவானாலும் 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு 8, 10 டிகிரி ஏற ஏற ஆயுசு பாதியாயிரும்ங்கறாங்க, நம்ம ஊர்ல 25 டிகிரி எந்த மாசம் இருக்குன்னு நீங்களே சொல்லுங்க.

நாங்க கடைசியில லித்தியம் போட்டோம். லித்தியம்னதும் ஸ்கூட்டர் தீப்பிடிச்ச செய்தி எல்லாம் ஞாபகம் வந்து எனக்கு வயித்தைக் கலக்குச்சு, ஆனா வேனுக்குப் போடறது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், எல்எஃப்பின்னு சொல்றாங்க. இரும்பும் பாஸ்பேட்டும், அதனால சூட்டுக்கு மத்த லித்தியத்தை விட நல்லா தாங்கும், சுலபத்துல பத்திக்காது. பத்தவே பத்தாதுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, ஒயரிங் மோசமா இருந்தா எதுவும் பத்தும். இதுல ஒரு பெருமைய சொல்லாம விட முடியல. இந்த எல்எஃப்பிய 1990கள்ல அமெரிக்காவுல டெக்சாஸ் யுனிவர்சிட்டியில ஜான் குடினஃப்ங்கற விஞ்ஞானியோட குழு கண்டுபிடிச்சாங்க. ஆனா அதுக்கு முன்னாடியே 80கள்ல இப்படி பாஸ்பேட்டு சல்பேட்டு மாதிரி சாமான்களை வெச்சு வோல்டேஜை ஏத்தலாம்னு குடினஃப் கூட சேந்து வழி காட்டினவர் நம்ம ஆறுமுகம் மந்திரம், தமிழ்நாட்டுக் கிராமத்துல பொறந்து மதுரையில படிச்சவர். 2019ல குடினஃபுக்கு நோபல் கிடைச்சப்ப அவர் சார்பா ஸ்டாக்ஹோம்ல அந்த நோபல் உரையைப் பேசினதும் இவர்தான். பேட்டரி மேல எந்த நடிகர் படத்தையோ போடறாங்க, இவர் பேரு எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி விஷயத்துக்கு வர்றேன். எல்எஃப்பியில மினிமம் பேலன்ஸ் பத்து இருபது சதவீதம் போதும், 100 ஏஎச்ல 80, 90 தாராளமா எடுக்கலாம். ஒண்ணு 10ல இருந்து 13 கிலோதான், நானே தூக்கி வெப்பேன். எங்களுக்கு வேண்டிய 1350க்கு 80 சதவீதக் கணக்குல 1700 வாட்ஹவர் வேணும், 100 ஏஎச் ஒண்ணுல 1280தான் இருக்கு, அதனால ரெண்டு போட்டோம், மழை நாளுக்கும் மிச்சம் இருக்கும். செலவு? ரெண்டு ட்யூபுலர் வெலையில ரெண்டு பங்குக்கு மேல ஆச்சு. ஆனா ட்யூபுலரை தினமும் பாதி இறக்கினா ஆயிரத்துச் சொச்சம் தடவை தாங்கும்னா, இது ரெண்டாயிரம் மூவாயிரத்துக்கு மேல தாங்கும்னு கம்பெனி பேப்பர்லயே போட்டிருக்கான். தடவைக்கு எவ்ளோன்னு வகுத்துப் பாத்தா ஒண்ணும் நஷ்டம் இல்ல. வருஷத்துக்கு ரெண்டே ரெண்டு ட்ரிப் போறவங்க இந்தக் கணக்கைப் பாத்து ஏமாறக் கூடாது, அவங்களுக்கு மூவாயிரம் தடவை எந்த ஜென்மத்துல முடியும்? ஆனா அவங்களுக்கும் ஈய பேட்டரிய வாங்கிப் போட்டுட்டு மறந்துரலாம்னு இல்ல, சும்மா நின்னாலும் அது தானா இறங்கும், மாசம் ஒரு தடவையாச்சும் சார்ஜ் போட்டு வெக்கணும், இல்லேன்னா எங்க ராமேஸ்வரம் கதைதான். எல்எஃப்பிய பாதி சார்ஜ்ல போட்டுட்டா மாசக் கணக்குல பேசாம கிடக்கும்.

இதுக்கும் வீம்பு உண்டு. 0 டிகிரிக்குக் கீழ சார்ஜ் ஏத்தினா கெட்டுப் போயிரும். நம்ம ஊர்ல அது எங்கன்னு சிரிக்காதீங்க, டிசம்பர் ஜனவரியில ஊட்டியில புல்லு மேல உறைபனி விழுதுல்ல, பேட்டரிய வேனுக்கு வெளிய அடியில கட்டி வெச்சிருந்தா விடியக்காலையில வண்டியக் கிளப்பினதும் பிரச்சினைதான். அந்தப் பக்கம் பாத்தா வெயில்ல நிறுத்தின வேனுக்குள்ள அடுப்பு மாதிரி இருக்கும், 45, 50 டிகிரிக்கு மேல இதுக்கும் ஆகாது. நாங்க கட்டிலுக்குக் கீழ நடுவுல வெச்சு ஓட்டை போட்ட பலகையில மூடியிருக்கோம்.

அடுத்து சார்ஜ், இதுல பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது. வேனோட ஆல்டர்னேட்டர்ல இருந்து ஒரு ஒயரை இழுத்து நேரா லித்தியத்துல மாட்டிக் கொடுக்கறேன்னு ஒரு எலக்ட்ரீஷியன் தம்பி சொன்னான். லித்தியம் கொடுத்ததை எல்லாம் கபகபன்னு வாங்கிக்கும், ஆல்டர்னேட்டர் சூடாகி காயில் கருகிரும். நடுவுல டிசி டு டிசி சார்ஜர்னு, கரண்டை அளவா மட்டும் வாங்கி பேட்டரிக்குக் கொடுக்கற டப்பா ஒண்ணு போடணும். எங்களோடது 30 ஆம்ப்ஸ், நாலு மணி நேரம் வண்டி ஓடினா 120 ஏஎச், ஒரு நாள் செலவு வந்துருச்சு பாருங்க. மேல 400 வாட் சோலார் இருக்கு, நல்ல வெயில் நாள்ல நஷ்டம் போக 1300 வாட்ஹவர் பக்கம் வருது, அதாவது வண்டிய நகத்தாம ஒரே எடத்துல உக்காந்திருந்தாலும் வரவும் செலவும் டேலி ஆயிரும். எல்லா சார்ஜர்லயும் லித்தியம் செட்டிங் இருக்கான்னு பாருங்க, வீட்டு இன்வெர்ட்டரை அப்படியே மாட்டினா ஈய பேட்டரிக்குன்னு வோல்டேஜை ஏத்தி விட்டுரும்.

ஒயரு விஷயம் சுருக்கமா சொல்லிடறேன். 12 வோல்ட்ல 1000 வாட்டுன்னா இன்வெர்ட்டர் நஷ்டமும் சேத்து கிட்டத்தட்ட 90 ஆம்ப்ஸ், வீட்டுக்கு இழுக்கற ரெண்டரை ஸ்கொயர் ஒயர் இதுக்கு நூலு மாதிரி, உருகிரும். பெருவிரல் தடிமன் கேபிள் வேணும், பேட்டரி பாசிட்டிவ் பக்கத்துலயே பெரிய ஃபியூஸ் வேணும். பழைய பேட்டரியோட புது பேட்டரிய ஜோடி சேக்காதீங்க.

வாங்கும்போது பாக்க வேண்டியது ரெண்டு. உள்ள பிஎம்எஸ் (பேட்டரிய அளவு மீறாம காக்கற எலக்ட்ரானிக் போர்டு) எத்தனை ஆம்ப்ஸ் தாங்கும்னு கேளுங்க, 50 ஆம்ப்ஸ் பிஎம்எஸ் இருக்கற பேட்டரியில மிக்ஸி போட்டா கட் ஆயிரும், பேட்டரி ரிப்பேர்னு நினைப்பீங்க. அப்புறம் சந்தையில பழைய வண்டியில கழட்டின செல்லை வெச்சு புதுசா டப்பா கட்டி 100 ஏஎச்னு ஸ்டிக்கர் ஒட்டி விக்கறாங்க. 100 ஏஎச்னு சொல்லி 8 கிலோவுக்குக் கீழ இருந்தா எடுக்காதீங்க. நாங்க எப்படி சோதிச்சோம்னா, ஃபுல் சார்ஜ் பண்ணி, 55 வாட் ஹெட்லைட் பல்பு ரெண்டை மாட்டி, மணிய எழுதி வெச்சோம். கணக்குப்படி 11 மணி நேரத்துக்குப் பக்கத்துல எரியணும். முதல்ல வாங்கின ஒண்ணு ஏழரை மணி நேரத்துல அணைஞ்சிருச்சு. நோட்டைக் கொண்டு போய் மேஜை மேல வெச்சேன், பேசாம மாத்திக் கொடுத்துட்டாங்க. மாத்தினது காலையில ஆறு மணிக்கு ஆரம்பிச்சு சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் எரிஞ்சுச்சு, எங்க வீட்டுக்காரர் பக்கத்துலயே சேர் போட்டு உக்காந்து காவல் காத்தார்.

பத்திரிகைக்கு என் கோரிக்கை ரெண்டே ரெண்டுதாங்க. ஒண்ணு, பேட்டரி கம்பெனிக்காரங்க விளம்பரம் கொடுக்க வரும்போது, சி20, சி10 கணக்கையும், எத்தனை சதவீதம் இறக்கினா எத்தனை தடவை தாங்கும்ங்கறதையும் பெரிய எழுத்துல தமிழ்ல டப்பா மேலயே போடச் சொல்லி நீங்க எழுதணும். அந்தப் பொடி எழுத்தைப் படிக்க எனக்குக் கண்ணாடி பத்தல, பூதக்கண்ணாடிதான் வேணும். ரெண்டாவது, காரைக்குடியில மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1948ல அடிக்கல் நாட்டி இன்னிக்கு வரைக்கும் மத்த ஆராய்ச்சிகளோட பேட்டரி ஆராய்ச்சியும் நடத்திட்டு இருக்காங்க, அங்க இருக்கற விஞ்ஞானிங்க யாரையாச்சும் பிடிச்சு நம்ம வெயிலுக்கு எது சரி எது தப்புன்னு உங்க இணைப்புல ஒரு பக்கம் எழுத வைங்க. நான் எழுதினதுல தப்பு இருந்தா அவங்களே திருத்தட்டும், எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல.

அந்தப் பழைய லாரி பேட்டரிய எடைக்குப் போட்டோம், ஈயத்துக்குக் கொஞ்சம் காசு வந்துச்சு, அதுல புது கிரைண்டர் கல்லு கொத்தி வாங்கிக்கிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கேஷியர் அம்மா,
ஈரோடு.